மொட்டைத் தேடுங்கள், செடி பிடிபடும்

பெயர் தெரியாத ஒரு செடி கண்ணில் பட்டுவிட்டால் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. யார் வீட்டுத் தொட்டியில் நின்றாலும் சரி, வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்திருந்தாலும் சரி, குனிந்து இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். காசு செலவில்லை, வாசலைத் தாண்ட வேண்டியதில்லை, வயது வரம்பில்லை. இவ்வளவு சந்தோஷம் இவ்வளவு சுலபமாக வேறெதில் கிடைக்கும்? எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கங்காதர நெல்லூர் இதற்கென்றே அமைந்த ஊர். சித்தூரை அடுத்த எல்லைப் பகுதி. ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் கலந்து ஓடும். சுற்றிலும் மாந்தோப்பும் கரும்பும். வீட்டுக்குப் பின்னால் கொல்லை இன்னும் மிச்சம் இருக்கிறது. வேலூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண் தாய்வீட்டுக்கு வரும்போது ஒரு கிளையை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வருவாள். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு ஒரு கன்றும் கொடுப்பார்கள். கோதாவரிப் பக்கத்துக் கடியம் நர்சரியிலிருந்து வந்தவை என்று சொல்லி, சின்ன லாரியில் ஏற்றி வந்து தெருமுனையில் விற்பார்கள். “இது என்ன செடிண்ணா?” என்று கேட்டால், “ஷோ செடிம்மா, தண்ணி கம்மியா ஊத்துங்க” என்பார் விற்கிறவர். அதற்குமேல் அதன் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. இப்படி வந்து சேர்ந்தவைதான் எங்கள் தெருவின் பாதிப் பச்சை. ஒவ்வொன்றும் ஒரு புதிர். எல்லாமே அவிழ்க்கக்கூடிய புதிர்!

அவிழ்க்கும் வழியை எனக்குக் காட்டிக்கொடுத்தது பிரம்மகமலம். எங்கள் தெருவில் அது பூக்கிற இரவு யாரும் சீக்கிரம் தூங்கமாட்டார்கள். தொட்டிக்குக் குங்குமம் வைத்து, விளக்கேற்றி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். உள்ளங்கையைவிடப் பெரிய வெள்ளைப் பூ கண்ணெதிரே விரியும். வாசனை தெருக்கோடி வரை போகும். விடிவதற்குள் துவண்டுவிடும். அப்படி ஓர் இரவில் பூவை விட்டுவிட்டு, அது எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்தேன். நீளமாக, தட்டையாக, இலை மாதிரியே இருக்கும் ஒன்றின் ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். அந்தப் பள்ளம் ஒன்றிலிருந்து பூவின் காம்பு கிளம்பியிருந்தது. இலையின் ஓரத்தில் பூ வருமா? வராது. பூ வருவது தண்டில். அப்படியானால் நாம் இலை என்று நினைத்தது தண்டு! தட்டையான தண்டு, இலையே கிடையாது, ஓரத்தில் மொட்டு விடும் பள்ளங்கள். இந்த மூன்றையும் சேர்த்தால் விடை கள்ளிக் குடும்பம். எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம் என்பது அதன் அறிவியல் பெயர். மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும் அதன் தாய்மண். இமயமலையின் உயரங்களில் வளரும் பிரம்மகமலம், உத்தராகண்டின் மாநில மலர், வேறு செடி. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சாஸ்ஸுரியா. அத்தையிடம் இதைச் சொன்னபோது, “எந்த ஊர்லருந்து வந்தா என்னம்மா, நம்ம வீட்ல வந்து பூக்குதே, அதுக்கு எவ்ளோ பிரியம் பாரு” என்றார். அடுத்த முறை பூத்தபோது, வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பள்ளங்களைத் தொட்டுக் காட்டி விளக்கியதும் அவர்தான்.

மொட்டு எங்கிருந்து வருகிறது என்ற இந்த ஒரே கேள்வி எவ்வளவு கதவுகளைத் திறக்கிறது தெரியுமா! கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை ஒடித்துப் பாருங்கள். ஒரு ஈர்க்கில் வரிசையாகத் தொங்குகிற ஒவ்வொன்றையும் நாம் இலை என்கிறோம். அவற்றின் அடியில் மொட்டைத் தேடுங்கள், இருக்காது. ஈர்க்கு முழுவதும் கிளையோடு சேருகிற இடத்தில் பாருங்கள், குட்டியாக ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். ஆக, அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. தனித்தனியாக நாம் உருவி எடுப்பவை சிற்றிலைகள். முருங்கையில் இது இன்னும் பிரமாதம்: மூன்று முறை பிரிந்து பிரிந்து விரிகிற அந்தப் பெரிய கொத்து முழுவதும் ஒரே இலை.

இப்போது கொல்லை மூலையில் முளைத்திருக்கும் கீழாநெல்லிக்கு வாருங்கள். பார்வைக்கு அதுவும் கறிவேப்பிலை மாதிரி, சிற்றிலைகள் சேர்ந்த ஒரு கூட்டிலைதான். ஆனால் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு குட்டி இலையின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்குகிறது. அதனால் இங்கே கதை தலைகீழ். இது கூட்டிலை இல்லை, தனி இலைகள் வரிசையாக அமைந்த ஒரு கிளை! இலைபோல் நடிக்கும் தண்டு, கிளைபோல் நடிக்கும் இலை, இலைபோல் நடிக்கும் கிளை. மூன்றும் ஒரே வீட்டில், பத்தடி தூரத்துக்குள். இதைக் கண்டுபிடித்த நாளில் கொல்லையை விட்டு உள்ளே வரவே எனக்கு மனமில்லை.

கீழாநெல்லியோடு அங்கேயே கொஞ்சம் உட்காருங்கள், அது அவ்வளவு லேசான ஆள் இல்லை. இந்திய நூல்களில் நெடுங்காலம் ஃபில்லாந்தஸ் நிருரி என்ற ஒரே பெயரில் எழுதப்பட்டுவந்தது. 1985இல் மித்ரா, ஜெயின் என்ற இரு தாவரவியலாளர்கள், நம் நாட்டில் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருப்பவை மூன்று தனித்தனிச் செடிகள் என்று காட்டினார்கள்: அமாரஸ், ஃபிரட்டெர்னஸ், டெபிலிஸ். உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் கொல்லைச் செடி இவற்றில் எது என்று பார்க்க பூவிதழ்களை எண்ண வேண்டும். அமாரஸுக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் ஆறு. பூவோ கடுகளவுகூட இல்லை. அதற்குத்தான் கைலென்ஸ். நகை ஆசாரிகள் வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெரிதாக்குகிற சின்ன மடக்குக் கண்ணாடி, அதேதான். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூவை மெல்ல அதன் அருகே கொண்டுவர வேண்டும். சட்டென்று தெளியும் அந்த நொடியில், மங்கலான பச்சைப் புள்ளி ஒன்று வெளிர் இதழ்கள் விரித்த முழுப் பூவாக நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து! எனக்கு எண்ணி முடிப்பதற்குள் மூச்சே நின்றுவிடும்.

நான் ஒரு செடியைப் பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இன்றைக்கே தொடங்கலாம். முதலில் மொட்டைத் தேடி, எது இலை என்று முடிவு செய்யுங்கள். பிறகு இலைகள் ஒரு கணுவில் ஒன்றா, எதிரெதிராக இரண்டா, வளையமாகப் பலவா என்று பாருங்கள். தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், உருண்டையா, சதுரமா? சதுரத் தண்டும் எதிரிலையும் கசக்கினால் வாசனையும் இருந்தால், துளசிக் குடும்பமாக இருக்க நிறைய வாய்ப்பு. தும்பையைத் தொட்டுப் பாருங்கள், அதே சதுரம். அடுத்து, ஓர் இலையை ஓரமாகக் கிள்ளுங்கள், பால் வடிகிறதா? நந்தியாவட்டை, அரளி, எருக்கு என்று பால் வடிப்பவர்களின் பட்டியல் தனி. பட்ட கையைக் கண்ணில் வைக்காமல் உடனே கழுவிவிடுங்கள்.

பிறகு, இலைக்காம்பின் அடியைக் கவனியுங்கள். இட்லிப்பூச் செடியில் எதிரெதிரான இரண்டு இலைகளுக்கு நடுவே, தண்டோடு ஒட்டி, முள் நுனிபோல ஒரு குட்டிச் செதில் இருக்கும். இலையடிச் செதில் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். எதிரிலையும் நடுவில் இந்தச் செதிலும் சேர்ந்து இருந்தால் அது காபிக் குடும்பம். நுணா மரத்தில் பாருங்கள், இருக்கும். கடம்பில் பாருங்கள், இருக்கும். ஒரு சின்னச் செதில், இட்லிப்பூவுக்கும் காபிக்கும் இருக்கும் உறவைச் சொல்லிவிடுகிறது!

பூவை இறுதியாகப் பார்க்கலாம், ஏனென்றால் நிறம் நம்மை ஏமாற்றும். காகிதப்பூவில் இளஞ்சிவப்பாக மின்னுபவை இதழ்கள் இல்லை, பூவடிச் செதில்கள். அவற்றின் நடுவே வெள்ளையாக, மெல்லிய குழல்போல நிற்பதுதான் பூ. அந்தி மந்தாரையின் பூவிலும் அல்லிதழ் கிடையாது. வண்ணம் காட்டுவது புல்லி. இவை இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூன்றாவது ஆள், புடவை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிற மூக்கிரட்டை. மாடியில் படர்கிற பகட்டுக்காரி, வாசலில் மாலையில் சிரிப்பவள், யாரும் மதிக்காமல் தரையில் கிடப்பவள் என்று மூவரும் சகோதரிகள். இது தெரிந்த பிறகு களை பிடுங்கும்போதுகூட என் கை கொஞ்சம் நிற்கிறது.

குழந்தைகளுக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஒரே ஒரு கனகாம்பரக் கதிர் போதும். காய்ந்த கதிரில் தண்ணீர் தெளித்தால், காய்கள் டப்பென்று வெடித்து விதைகளைச் சுண்டி எறியும். பட்டாசுக்காயைத் தண்ணீரில் போட்டு விளையாடாத பிள்ளைகள் எங்கள் பக்கம் உண்டா? அதே குடும்பம்தான் இதுவும். வெடித்த காயின் உள்ளே லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு விதைக்கும் ஒரு கொக்கி இருக்கும். டிசம்பர் பூ, ஆடாதொடை, நிலவேம்பு எல்லாவற்றிலும் அந்தக் கொக்கியைப் பார்க்கலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது காய்ந்த கதிர் எது கண்டாலும் சொம்பில் தண்ணீரோடு ஓடி வருகிறார்கள்.

வீட்டுக்குள் வைக்கும் செடிகளில் சவால் கொஞ்சம் கூடும், அதனால் குஷியும் கூடும். பூ வராத செடியை எப்படிப் பிடிப்பது? மணி பிளான்ட் இதில் பெரிய உதாரணம். பாட்டிலில் இதயம்போல் சின்ன இலை விட்டுத் தொங்குகிற அதே கொடியை மாமரத்தில் ஏற்றிவிட்டால், இலை முறம் அளவுக்கு விரிந்து, ஓரம் கிழிந்து, வேறு செடிபோல ஆகிவிடும். பசிபிக் பெருங்கடலின் மொரேயா தீவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய கொடி இது. அறிஞர்களையே பாடாய்ப் படுத்தியிருக்கிறது! 1880இல் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். பூவைப் பார்க்க முடியாததால் ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கு மாற்றி மாற்றி, 1964இல்தான் எபிப்ரெம்னம் ஆரியம் என்ற இன்றைய பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். அது ஏன் பூப்பதில்லை என்பதற்கும் 2016இல் ஓர் ஆய்வு விடை சொன்னது: பூக்கத் தூண்டும் ஜிப்ரலின் என்ற வளரூக்கியைச் சுரக்க உதவும் மரபணு அதில் சரியாக வேலை செய்வதில்லை. நம் குளிர்பெட்டியின் மேல் இருக்கும் பாட்டிலுக்குள் இவ்வளவு பெரிய கதை!

அதற்குப் பக்கத்தில் அம்பு முனைபோல் இலை விட்டு நிற்கும் சிங்கோனியத்தையும் பல வீடுகளில் மணி பிளான்ட் என்றே சொல்கிறார்கள். ஓர் இலைக்காம்பைக் கிள்ளினால் போதும். சிங்கோனியத்தில் பால் வரும், மணி பிளான்டில் வராது. வயதாக ஆக சிங்கோனியத்தின் இலை கைவிரல்போல் பிரிந்துகொண்டே போகும். பூ தேவையில்லை, பார்வை போதும்.

மரங்களில் நான் எல்லோருக்கும் முதலில் காட்டுவது அசோகம். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஓரத்தில் ஊசிபோல் நெட்டையாக நிற்கும் மரத்தைக் காட்டி “அசோக மரம்” என்பார்கள். அது நெட்டிலிங்கம். தனி இலை, அலை அலையான ஓரம், பச்சையாக நட்சத்திர வடிவில் பூ. அதன் நெருங்கிய சொந்தம் நம் சீத்தாப்பழம். உண்மையான அசோகுக்குக் கூட்டிலை. கிளையோடு ஒட்டி ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். காய்ப்பது அவரைபோல் காய், ஏனென்றால் அது அவரைக் குடும்பம். அசோகப் பட்டைக்குப் பதில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்து விற்பது மருந்துச் சரக்குக் கடைகளில் பழைய பிரச்சினை. இலையைப் பார்க்கத் தெரிந்தவர் அந்த வலையில் விழமாட்டார்.

எங்கள் எல்லையில் இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெத்தம்மா “மந்தாரம் பூ ரெண்டு பறிச்சுக்கறேம்மா” என்றால் அவர் கை போவது செம்பருத்திக்கு. தெலுங்கில் அதுதான் மந்தாரம். தமிழ் வீட்டில் மந்தாரை என்றால் ஒட்டகக் குளம்புபோல் இலை பிளந்த வேறு மரம். பூஜைக்குப் பறிப்பதில் இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. கஷாயத்துக்குப் பறிக்கும்போது ஆபத்து. அங்கே கைகொடுப்பது அறிவியல் பெயர். தமிழர், தெலுங்கர், ஜப்பானியர் எல்லோருக்கும் அது ஒன்றே.

அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வாய்த்த பாக்கியம் திருப்பதி. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை அங்கே இருக்கிறது. கே. மாதவ செட்டி, கே. சிவாஜி, கே. துளசி ராவ் மூவரும் சித்தூர் மாவட்டத்தின் பூக்கும் தாவரங்களைத் தொகுத்து 2008இல் திருப்பதியில் ஒரு நூல் வெளியிட்டார்கள். நம் மாவட்டத்துக்கென்றே ஒரு தாவர நூல்! எத்தனை மாவட்டங்களுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? தென்னிந்திய மருந்தியல் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், செடியை அடையாளம் காட்டி உறுதிசெய்தவர் என்று மாதவ செட்டியின் பெயரும் அந்தத் துறையின் பெயரும் திரும்பத் திரும்ப வரும். ஆய்வு செய்யும் முன் செடியை அழுத்தி உலர்த்தி, ஏறக்குறைய 42க்கு 28 செ.மீ. அளவுள்ள அட்டையில் ஒட்டி, எடுத்த இடம், தேதி எழுதி ஹெர்பேரியத்தில் வைப்பார்கள். நாளை யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த அட்டையே சாட்சி.

இதற்கு முந்தைய பெரிய நூல் கேம்பிளுடையது. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி அவர் 1915இல் வெளியிடத் தொடங்கியதை, 1925இல் அவர் மறைந்தபின் ஃபிஷர் தொடர்ந்து 1936இல் முடித்தார். 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் அப்போது அந்த மாகாணத்துக்குள்தான் இருந்தது. ஆகவே நம் குன்றுகளின் செடிகளும் அதற்குள் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம், திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தை 1967இல் தொடங்கிய அருட்தந்தை கே. எம். மேத்யூவின் நூல் வரிசை இருக்கிறது. இவர்கள் வெயிலில் நடந்து சேர்த்ததை நாம் நிழலில் உட்கார்ந்து புரட்டுகிறோம். நினைத்தாலே கைகூப்பத் தோன்றுகிறது.

சேஷாசலம் மலையைப் பற்றிச் சொல்லாமல் எப்படி விடுவது? தோட்டத்தில் அழகுக்கு வைக்கிறார்களே சைக்கஸ், அது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த ரெவொலுட்டா. ஆனால் சைக்கஸில் நமக்கே நமக்கென்று ஒன்று உண்டு. கடப்பா, திருமலை மலைகளில் மட்டும் இயற்கையாக வளரும் பெட்டோமி. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய கர்னல் பெட்டோம் நினைவாக 1883இல் டையர் அந்தப் பெயரை வைத்தார். அழிவின் விளிம்பில் இருப்பதால், பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. மலையில் பார்த்து மகிழலாம், படம் எடுக்கலாம்; ஓர் இலைகூட எடுத்துவரக் கூடாது. வயல் வரப்பில் நடும் செம்மரமும் இந்தக் கிழக்கு மலைத்தொடரின் தென்பகுதிக்கே உரியது. வேங்கையிலிருந்து அதைப் பிரித்தறியச் சிற்றிலைகளை எண்ணுங்கள். செம்மரத்தில் பெரும்பாலும் மூன்று, வேங்கையில் ஐந்து முதல் ஏழு. இரண்டிலும் நெற்று வட்டமாக, நடுவே விதையும் சுற்றிலும் சிறகுமாக, பொரிக்காத அப்பளம்போல் இருக்கும்.

கைப்பேசிச் செயலிகளையும் நான் மனதாரப் பாராட்டுவேன். பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய பிளான்ட்நெட் செயலி 2013இல் வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி மாணவர்கள் 2008இல் தொடங்கியது ஐநேச்சுரலிஸ்ட். பூவை முன்னிருந்தும் பக்கவாட்டிலும், இலையை மேலும் கீழும், இலை தண்டோடு சேரும் இடத்தை, பிறகு முழுச் செடியை என்று எடுத்துக் கொடுங்கள். செயலி சொல்வது ஒரு நல்ல யோசனை. அதை நூலோடும் லென்ஸோடும் ஒப்பிட்டு முடிவு சொல்வது நீங்கள். நட்டு வளர்த்த செடியாக இருந்தால், ஐநேச்சுரலிஸ்டில் அப்படிக் குறித்துவிடுங்கள். காட்டில் தானாக வளர்ந்ததென்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

உறுதியாகத் தெரியும் வரை எதையும் வாயில் வைக்காதீர்கள், யாருக்கும் மருந்தாகக் கொடுக்காதீர்கள். பொன்னரளிக் கொட்டை இதயத்தை நிறுத்திவிடும். குன்றிமணியில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு. வேலியில் சுடர்போல் பூக்கும் செங்காந்தளின் கிழங்கில் கோல்சிசின். வரவேற்பறையில் பெரிய புள்ளி இலையோடு நிற்கும் டிஃபன்பேக்கியாவைக் கடித்தால், அதிலுள்ள ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் நாக்கை வீங்க வைக்கும். குழந்தை தவழும் வீட்டில் ஒவ்வொரு தொட்டியின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். பெயர் தெரிந்தால், எதை உயரத்தில் வைக்க வேண்டும் என்றும் தெரியும். ஏதாவது நடந்துவிட்டால் மருத்துவரிடம் சொல்லவும் முடியும்.

பாம்புச் செடி என்று நாம் வளர்ப்பது சான்சிவேரியா இனத்தில் இருந்தது. மரபணு ஆய்வுகளின்படி 2017இல் அதை ட்ரசீனாவுக்கு மாற்றினார்கள். வறண்ட புதர்க்காடுகளில் வளரும் நம் மருளும் அதோடு சேர்ந்து இடம் மாறியது. செடிகளின் குடும்பக் கணக்கை உலகம் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் வாசலில் நீங்கள் லென்ஸ் வைத்து எண்ணும் ஐந்து இதழ்களும் அதே கணக்குதான். ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பல வருஷமாகத் தண்ணீர் ஊற்றியும் பெயர் தெரியாத ஒரு செடி உங்கள் வீட்டிலும் கட்டாயம் இருக்கும். அதிலிருந்தே ஆரம்பியுங்கள். மொட்டைத் தேடுங்கள், கிள்ளிப் பாருங்கள், எண்ணுங்கள், நூலைப் புரட்டுங்கள். பெயர் கிடைத்ததும் ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் குத்திவையுங்கள். பிறகு பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் போங்கள். அவர்களும் கூடவே வருவார்கள், நான் உத்தரவாதம்!